வீரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பொதுக் குழாயில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குடத்துக்குச் சொந்தக்காரியான வீரம்மா குழாயை மூடவில்லை. பக்கத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றாள். வலி கண்டுவிட்டது. 1931ஆம் வருடம், ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி.

பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே படுக்க வைத்தார்கள். லயத்துக்கு வழக்கமாக வரும் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

"தல மேல இருக்கு. காலுதான் முன்னால வரும்போல. இது என் கைக்கு அடங்காது தாயி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்று கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆனால் அந்த லயத்தில் புருஷன் வாய் திறந்து சொல்லாமல் எந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. வீரம்மாவின் கணவன் பக்கிரிசாமி தண்டவாளம் செப்பனிடும் வேலைக்காரன். மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்புவான். அவன் கெட்டவன் அல்ல. குடிக்க மாட்டான், மனைவிமேல் கை வைக்க மாட்டான். ஆனால் ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தால் போதும், "அங்க கண்ட ஆம்பளையும் நடமாடுவான். நம்ம வீட்டுப் பொம்பள அங்க போய்ப் படுக்கறதா?" என்று முடித்துவிடுவான்.

அந்த முடிவுக்கு வீரம்மா இரண்டு முறை தலையாட்டியிருக்கிறாள். முதல் குழந்தை எட்டாம் நாள் தாடை இறுகி, பால் இறங்காமல் போனது. இரண்டாவது, இரண்டு நாள் வலிக்குப் பிறகு சத்தமே இல்லாமல் பிறந்தது.

"பக்கிரிசாமி வரட்டும், கேட்டுக்குவோம்," என்றார்கள் பெண்கள்.

வீரம்மா பக்கத்து வீட்டு ஜோசஃபினின் கையைப் பிடித்தாள். ஜோசஃபின் சிக்னல்காரரின் மனைவி. மூன்று பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியில் பெற்றவள்.

"அக்கா, ரிக்‌ஷா கூப்பிடுங்க."

"அண்ணன் கோபப்படுவாரேடி."

"கோபப்படட்டும். அவரு கோபத்தக் கேக்கறதுக்காவது நான் உசுரோட இருக்கணுமில்ல."

ஜோசஃபின் அதற்குமேல் ஒரு நொடியும் நிற்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

ரிக்‌ஷாக்காரர் ஒரு சீனர். வீரம்மாவின் வயிற்றைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். மளிகைக் கடை, கோயில் வாசல், துணி காயப்போட்ட கொடிகள் எல்லாம் பின்னால் ஓடின. வலிக்கு நடுவிலும் வீரம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ துள்ளியது. பிறந்ததிலிருந்து அவளாக முடிவெடுத்துப் புறப்பட்ட முதல் பயணம் அதுதான்.

ரயில் கேட்டுக்கு வந்தபோது கேட்டு மூடியிருந்தது. கிள்ளானுக்குப் போகும் சரக்கு ரயில், முடிவே இல்லாததுபோல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் கடப்பாரையோடு நின்றார்கள். அதில் ஒருவன் பக்கிரிசாமி.

அவன் ரிக்‌ஷாவைப் பார்த்தான். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"யாரக் கேட்டு கெளம்புன? இத்தன பேரு பாக்குறாங்க. வீட்டுக்குத் திரும்பு."

"அண்ணே, புள்ளயோட காலு முன்னால வருதாம். மருத்துவச்சியே கை விட்டுட்டாங்க," என்றாள் ஜோசஃபின்.

"நீங்க சும்மா இருங்கக்கா. இது எங்க வீட்டு விஷயம்."

வீரம்மா ரிக்‌ஷாவின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். கணவனிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"போன வருஷம் கட்ட விழுந்து உங்க வெரல் நசுங்குச்சு. ஒம்போது நாளு அதே ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்க. நர்ஸு மிஸிங்கதான் கட்டுப் போட்டாங்க, சோறு குடுத்தாங்க. ஒரு வெரலுக்கு ஆஸ்பத்திரி வேணும். நான் ரெண்டு புள்ளயப் பெத்துப் பொதச்சேனே, அப்ப வேணாமா?"

பக்கிரிசாமி ஓர் அடி பின்வாங்கினான். பின்னால் நின்ற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசிப் பெட்டி கடந்தது, கேட்டு திறந்தது.

"லெக்காஸ்," என்றாள் வீரம்மா. சீக்கிரம் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த மலாய்ச் சொல். ரிக்‌ஷாக்காரர் தண்டவாளங்களைத் தாண்டிப் பறந்தார்.

ஆஸ்பத்திரியைப் பற்றி வீரம்மா கேள்விப்படாத கதையில்லை. பிள்ளையை மாற்றிவிடுவார்கள், கத்தியால் கிழிப்பார்கள், திட்டியே கொல்வார்கள். உள்ளே போனதும் அவள் கண்டது வெள்ளை விரிப்புப் போட்ட இரும்புக் கட்டில்கள். ஜன்னலெல்லாம் வெயில். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். பயந்து வந்தவளுக்கு அந்தச் சிரிப்பே பாதித் தைரியம் கொடுத்தது.

உர்சுலா என்ற தமிழ் மிஸி அவளுக்குப் பொறுப்பானாள். முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முந்தைய பிரசவங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டே கத்தரிக்கோலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள்.

"முதல் புள்ளைக்குத் தொப்புள்கொடி எதுல அறுத்தாங்க?" என்று கேட்டாள்.

"அருவாமனையில, மிஸி. சாம்பல் வச்சாங்க."

உர்சுலா அவளைத் திட்டவில்லை. "அதுல இருந்த அழுக்குத்தாம்மா புள்ளையோட தாடைய இறுக்கினது. உன் விதி இல்ல, உன் தப்பும் இல்ல," என்றாள்.

ஆறு வருடமாகத் தன் பால்தான் விஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் வீரம்மா. அவள் கண்ணீரைத் துடைப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

லேடி டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர், ஆனால் 'முக்கு', 'பொறு' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களையும் சரியாகச் சொன்னார். பொறு என்றபோது வீரம்மா பொறுத்தாள். முக்கு என்றபோது உயிரையெல்லாம் திரட்டி முக்கினாள். கால் வந்தது, இடுப்பு வந்தது, தோள் வந்தது. தலை நின்றுவிட்டது. உர்சுலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம், "இன்னும் ஒண்ணே ஒண்ணு. வந்துட்டாம்மா, வந்துட்டா," என்றாள்.

வந்துவிட்டாள். பெண் குழந்தை. அறையில் சத்தமில்லை.

அந்த மௌனம் வீரம்மாவுக்குப் பழக்கமானது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உர்சுலா குழந்தையின் வாயைத் துடைத்து, உள்ளங்காலில் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டுக்கு வீல் என்று ஓர் அலறல் கிளம்பியது. கூடம் முழுக்கக் கேட்டது. சீனப் பெண் அங்கிருந்தே கை தட்டினாள். வீரம்மா அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழச் சொல்லுங்க மிஸி. கேக்க நல்லா இருக்கு," என்றாள்.

பக்கிரிசாமி பதினொரு மணிக்கே வேலையை மேற்பார்வை செய்யும் மண்டோரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். பார்வையாளர்களை நாலு மணிக்குத்தான் விடுவார்கள் என்றதும் வாசல் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்தவனை உர்சுலா மறித்தாள்.

"மொதல்ல கையக் கழுவுங்க."

அவன் கழுவினான். தண்டவாள மசி போகும்வரை, அது போன பிறகும் கழுவினான். பிறகு மனைவியின் கட்டிலருகே வந்து நின்றான்.

"நீ பேசிட்டுப் போனப்புறம் கடப்பாரையத் தூக்க முடியல வீரம்மா. அந்த ரெண்டும் நான் வேணாம்னு சொன்னதாலதான் போச்சு."

வீரம்மா குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

எட்டாம் நாள் குழந்தை வயிறு முட்டப் பால் குடித்துவிட்டுத் தூங்கியது. பத்தாம் நாள் மூவரும் ரிக்‌ஷாவில் லயத்துக்குத் திரும்பினார்கள். பெண்கள் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். பக்கிரிசாமியோடு வேலை செய்யும் சின்னையாவும் மனைவியோடு வந்தான். அவன் மனைவி இராஜம்மா எட்டு மாதக் கர்ப்பிணி.

"ஒனக்கு நல்லபடியா முடிஞ்சிருச்சு. எங்க வீட்டுல அதெல்லாம் பொம்பளைங்களே பாத்துக்குவாங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா நாலு பேரு முன்னால மானம் போயிடும்," என்றான் சின்னையா.

பக்கிரிசாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "நானும் இப்படித்தான் பேசினேன் சின்னையா. மானம் மானம்னு ரெண்டு புள்ளைய மண்ணுல வச்சேன். பெத்தவ உசுரையும் புள்ள உசுரையும் காப்பாத்தாதவனுக்கு என்ன மானம் இருக்கு?"

வீரம்மா இராஜம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"வலி வந்தா ஒன் புருஷன் வேலையிலேருந்து வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத. என்னக் கூப்பிடு, நான் வரேன். பொழைக்கறதுக்குப் பொம்பள யாரையும் கேக்க வேண்டியதில்ல."