பெர்மெத் கொண்டுவந்த தண்ணீர்

எங்கள் மலையூர் அத்-பாஷியில் நான் சாரணர் படை நடத்துகிறேன் என்றால் ஊருக்கே சிரிப்பு. "கழுத்துல துணியக் கட்டிக்கிட்டு முடிச்சுப் போடப் பழகுறீங்களே, மாட்டுக்கா, மாப்பிள்ளைக்கா?" என்பார்கள். சிரிக்கட்டும். வாயே திறக்காத பதினோரு பிள்ளைகள் ஒரே வருஷத்தில் நிமிர்ந்து நின்று பேசினார்கள். அதில் படு கெட்டிக்காரி என் நடு அண்ணன் சகின்பெக்கின் மகள் பெர்மெத். பதினைந்து வயது. முதலுதவிப் பாடத்தை நான் ஒருமுறை சொன்னால் போதும், மற்றவர்களுக்கு அவளே நடத்திவிடுவாள்.

ஜனவரிப் பனிப்புயலில் குதிரைகளைத் தேடிப் போன சகின்பெக் மறுநாள் மதியம்தான் கிடைத்தார். உயிர் இருந்தது. பாதங்கள் மட்டும் மெழுகு மாதிரி வெளுத்து விறைத்திருந்தன. சாலையைப் பனி மூடிவிட்டதால் ஆம்புலன்ஸ் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

மூத்த அண்ணன் ஜூமாகுல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வீட்டில் கிடத்தியிருந்த தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "பனிய அள்ளிட்டு வாங்க. வோட்கா எங்கடா?" விறைத்த காலைப் பனி போட்டுத் தேய்ப்பதுதான் எங்கள் பக்கத்து வைத்தியம்.

பெர்மெத் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்திருந்தாள்.

"பெரியப்பா, தேய்க்காதீங்க! உள்ள சதையெல்லாம் கிழிஞ்சிரும். வெதுவெதுன்னு இருக்கு, இதுல கால வைங்க, போதும்."

"போடி அங்கிட்டு! நேத்து முளைச்சது எனக்கு வைத்தியம் சொல்லுது."

பெண்கள் அவளைப் பின்னால் இழுத்தார்கள். அவள் உதறினாள். "சித்தப்பாவக் கேளுங்க! அவருதான் சொல்லிக்கொடுத்தாரு. சித்தப்பா, நீங்க சொல்லுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜூமாகுல் அண்ணனும் பார்த்தார். அப்பா போன பிறகு எங்களை வளர்த்து ஆளாக்கியவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு எங்கள் வீட்டில் கிடையாது. எனக்கு நாற்பத்தொரு வயது, ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்.

"பெரியவங்க பாத்துக்குவாங்கம்மா," என்றேன். தூ, நானும் ஒரு மனுஷன்!

அண்ணன் ஒரு மணி நேரம் தேய்த்தார். வாளித் தண்ணீர் அப்படியே ஆறிப்போனது.

நரின் நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு பாதங்களையும் எடுத்துவிட்டார்கள். தேய்க்காமல் இருந்திருந்தால் சில விரல்களோடு போயிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதையும் நான் ஜூமாகுல் அண்ணனிடம் சொல்லவில்லை.

மேய்க்க ஆளில்லாமல் ஆடுகளை விற்றாயிற்று. பெர்மெத் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைத்தெருவில் ரொட்டி விற்கிறாள். போன வாரம் மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பாவின் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கற்றுக்கொடுத்த கட்டு, ஒரு சுருக்கம் இல்லை.

"சனிக்கிழமையாவது படைக்கு வாம்மா. நீ இல்லாம பிள்ளைங்க சோர்ந்து கிடக்குதுங்க."

அவள் நிமிரவில்லை. "அன்னைக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, சித்தப்பா. நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் வாயத் தொறந்தேன். இனிமே தொறக்க மாட்டேன்."