வியாகுல மாதாவின் கண்கள்

வஸ்தியாம்பிள்ளைக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடத்தான். மாதாவானாலும் சரி, அந்தோனியாரானாலும் சரி, கோயில் சுவரில் படம் கீறும்போது கண்ணை மட்டும் கடைசி நாளில்தான் வரைவார். இளந்தாரி வயதில் யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில் ஒன்றில் வாகனங்களுக்கு வர்ணம் பூசப் போய், அங்கே பிடித்துக்கொண்டு வந்த வழக்கம் அது. கிறிஸ்தவ வேதக்காரனுக்கு ஏன் இந்தக் கண் திறக்கிற சடங்கு என்று எத்தனையோ சுவாமிமார் முறைத்துப் பார்த்தும் மனுசன் கேட்டால்தானே.

1962 ஆவணியில், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியோரம் இருந்த சின்ன மாதா கோயிலில், பீடத்துக்குப் பின்சுவரில் வியாகுல மாதாவைக் கீறிக்கொண்டிருந்தார். மடியில் செத்த மகன். சேலை, கை, நெற்றி, வாய் எல்லாம் முடிந்து கண்ணுக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. நாளைக்குக் கண் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர் விடியக் கட்டிலை விட்டு எழும்பவில்லை. பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துபோயிற்று, பேச்சும் போயிற்று. ஆசுபத்திரியில் இரண்டு கிழமை கிடந்து திரும்பி வந்தவரின் வாயில் மிஞ்சியது ‘ஆ, ஆ’ என்ற சத்தம் மட்டும்தான். தண்ணீருக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான்.

திருநாளுக்கு இன்னும் எட்டே நாள். கண்ணில்லாத மாதாவுக்கு முன்னால் எப்படிப் பூசை வைப்பது? சுவாமியார் வவுனியாவுக்கு ஆளனுப்பிச் செல்வநாயகத்தைக் கூப்பிட்டார்.

செல்வநாயகம் கடைப் பலகைகள் எழுதிப் பிழைத்தவன். பத்து வருசத்துக்கு முன் ஏதோ ஒரு கோயிலில் வஸ்தியாம்பிள்ளை கீறிய மாதாவைக் கண்டு நின்ற இடத்திலேயே முழந்தாளிட்டான். அன்றோடு கடைப் பலகையில் மனம் போகவில்லை, தானும் மாதாவையும் சிறகு வைத்த சம்மனசுகளையும் கீறத் தொடங்கினான். வஸ்தியாம்பிள்ளையின் படம் இருப்பதாகக் கேள்விப்பட்ட கோயிலுக்கெல்லாம் சைக்கிளில் போய், கண்களை மட்டும் கொப்பியில் பார்த்துக் கீறிக்கொண்டு வருவான். பதினேழு சோடிக் கண்கள் சேர்ந்திருந்தன. பதினேழும் வானத்தைப் பார்ப்பவை. ஆளை நேரில் போய்ப் பார்க்கத்தான் அவனுக்கு இத்தனை காலமும் வெட்கம்.

வந்தவன் வஸ்தியாம்பிள்ளையின் கட்டிலடியில் வெறும் நிலத்தில் இருந்துகொண்டு கொப்பியை விரித்தான்.

“அண்ணை, உங்கட படங்களைப் பாத்துத்தான் நான் கீறப் பழகினனான். இம்மியும் பிசகாமல் உங்கட கண்ணையே கீறித் தாறன். யோசியாதேங்கோ.”

எங்கோ இருந்த ஒருவன் தன் படங்களை இப்படித் தேடித் தேடிப் பார்த்திருக்கிறானே என்று வஸ்தியாம்பிள்ளைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்த கணமே பயம் பிடித்துக்கொண்டது. இந்த மாதா வானத்தைப் பார்க்கக் கூடாது.

முந்தின வருசம் அவருடைய ஒரே மகள் பிலோமினா காய்ச்சலில் செத்துப்போனாள். ஒன்பது வயது. பெட்டி வரும்வரை மனைவி மதலேனம்மா பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டிருந்தாள். செபம் சொல்ல வந்தவர்கள் மேலே பார்த்துச் சொன்னார்கள். அவள் பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அப்போதுதான் மனுசனுக்கு உறைத்தது. மகன் மடியில் கிடக்க எந்தத் தாய் வானத்தைப் பார்ப்பாள்? இத்தனை வருசமும் கீறியதெல்லாம் பொய். இந்தச் சுவரிலாவது உண்மையைக் கீறவேண்டும் என்று வந்தார். முழுக்கக் குனியவைத்தால் தூரத்தில் நிற்பவர்களுக்கு முகம் தெரியாது என்று தலையை நேராகவே விட்டிருந்தார். எல்லாம் கண்ணில்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்லி வைத்தாரா? மதலேனம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. அப்படி ஒரு வீம்பு.

அந்த நாட்களில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடது கையால் கீழே கீழே என்று காட்டினார். மதலேனம்மா தலையணையைத் தாழ்த்தி வைத்தாள். படத்தின் அடியில் பேர் எழுதச் சொல்கிறார் என்று செல்வநாயகம் அழகான எழுத்தில் அவருடைய பேரை எழுதிவிட்டு வந்தான். கரித்துண்டு ஒன்றைப் பொறுக்கி நிலத்தில் கீறிப் பார்த்தார். கோடு கோழி கிளறியதுபோல ஓடியது. அதைப் பார்த்து மதலேனம்மாவும் செல்வநாயகமும் அழுதார்கள். மனைவியையே உற்றுப் பார்த்துவிட்டுத் தன் மடியைப் பார்த்தார், திரும்பத் திரும்ப. நனைத்துவிட்டார் என்று அவள் ஓடிப்போய் இடுப்புச் சாரத்தை மாற்றிவிட்டாள். சீ, என்ன சீவியம் என்று அவருக்கு வந்தது.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால், சாரக்கட்டுப் பலகையில் ஏற்றி இருத்தினார்கள். கோயில் நிறையச் சனம். செல்வநாயகம் விழிகளை மெல்லிய கோட்டில் கீறி முடித்திருந்தான். கருமணி மட்டும் வைக்கவில்லை. கிட்ட வந்து குனிந்து சொன்னான்:

“கண் திறக்கிற கை உங்கட கைதான், அண்ணை. நான் சும்மா பிடிக்கிறன்.”

தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, செத்துப்போன அந்த வலது கையின் விரல்களுக்குள் வைத்து, தன் கையால் பொத்திப் பிடித்தான். வஸ்தியாம்பிள்ளை ‘ஆ, ஆ’ என்று கத்தினார். சனம் கைகூப்பியது. இடது கையால் அவனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தார். ஆசீர்வாதம் என்று நினைத்து அவன் அந்தக் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டு, அவருடைய மடியிலேயே திரும்ப வைத்தான். பிறகு வலது கையை மேலே தூக்கினான். அது மறுக்கத் தெரியாமல் அவனோடு போயிற்று. மேல் இமையை ஒட்டி ஒரு கருமணி. மற்றதிலும் ஒன்று. ஒரு பிழை சொல்ல முடியாது. பதினேழு கோயில்களில் அவரே கீறிய கண்கள்தான் அவை.

கீழே மதலேனம்மா விம்மினாள். “உங்கட கை கொஞ்சமும் மாறேல்லை,” என்றாள்.

சனமெல்லாம் மாதாவின் கண் போன பக்கமே அண்ணாந்து பார்த்துச் செபம் சொல்லத் தொடங்கியது. மடியில் கிடந்த மகனை வஸ்தியாம்பிள்ளையைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.