நான் பக்கத்தில் இருந்தால் ஏறும் பிரஷர்

என் வீட்டுக்காரருக்கு டாக்டர் முன்னால் வாயே திறக்காது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நல்லாத்தான் இருக்கிறவர் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று யார் கேட்பது? அதனால்தான் ஒவ்வொரு தடவையும் நான் கூடப் போவேன். தண்ணீர் சப்ளை ஆபீசில் போனில் புகார் கேட்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க அடுத்தவர் கத்துவதைக் கேட்டு, திருப்பிக் கத்தியும் பழகிய தொண்டை. இந்தக் கல்லுளிமங்கன் விழுங்குவதை எல்லாம் நான் சொல்லிவிடுவேன்.

அவர் லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் கூண்டின் மேலேயே ஏறி நின்று வேலை பார்க்கிறவர். போன வாரம் அப்படி நிற்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அதையும் அவர் சொல்லவில்லை, கூட வேலை பார்ப்பவர் போன் செய்து சொன்னார். பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சுற்றல். ஒவ்வொரு தடவை போகும்போதும் பிரஷர் அதிகமாகக் காட்டும், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், இவருக்குக் கிறுகிறுப்பும் கூடும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் ஒருநாள் அந்த லிப்ட் குழிக்குள்ளேயே விழுந்துவிடுவார் என்று பயந்துகொண்டுதான் அன்றைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மாவின் அறை சின்னது. ஒரு மேசை, நோயாளிக்கு ஒரு நாற்காலி, கூட வருகிறவருக்கு ஒரு மர ஸ்டூல். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் லொடக் லொடக்கென்று ஆடும். எத்தனையோ வருஷமாக ஆடுகிறது, யாருக்கும் அதைச் சரிசெய்யத் தோன்றவில்லை. நர்ஸ் ஒரு வெகுளிப் பெண். எல்லாரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடும். இவர் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றியது.

"அண்ணே, ரெண்டு காலையும் தரையில சமமா வைங்க. நகர்த்தக் கூடாது."

வைத்தார். பட்டையில் காற்று ஏற ஏற, வலது கால் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தது. நான் என் செருப்பால் ஒரு தட்டு தட்டினேன். "சொன்ன பேச்சு கேளுங்க. சின்னப் பிள்ளையா நீங்க?"

நூற்று அறுபத்தெட்டு காட்டியது. டாக்டரம்மா முகம் சுளித்தார்.

"இன்னும் கொஞ்சம் மாத்திரையைக் கூட்டணும்போல இருக்கே."

"கூட்டாதீங்க டாக்டர். இப்பவே தலை சுத்தி லிப்ட் மேல உட்கார்ந்துட்டாரு. இவர் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்." தொடங்கியவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "பிரஷரும் அதிகம், மாத்திரை அதிகமானா வர்ற கிறுகிறுப்பும் இருக்கா? ரெண்டும் ஒத்துப்போகலையே. நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. இவர் பேசாம உட்காரட்டும், மறுபடி பார்ப்போம்."

பேசாமல் உட்காருவதற்கு இவருக்குச் சொல்லியா தர வேண்டும்? எனக்குத்தான் அந்த உத்தரவு என்று புரிந்துகொண்டு வெளியே போனேன். திரும்பக் கூப்பிட்டபோது நூற்று இருபத்தாறு என்றார்கள். நான் நம்பவில்லை.

"பிரஷர்ங்கறது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்மா," என்றார் டாக்டரம்மா. "மாடிப்படி ஏறி வந்தா ஏறும், பேசினா ஏறும், ஒண்ணுக்குப் போகாம அடக்கிட்டு இருந்தாலும் ஏறும். சிலருக்கு எங்க மூஞ்சியைப் பார்த்தாலே ஏறும். ஒரு மெஷினை வச்சு வீட்டுல காலையிலயும் சாயங்காலமும் பாருங்க. அதைப் பார்த்துட்டு மாத்திரையை முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் உயரத்துல ஏற வேண்டாம்."

நியாயமான பேச்சு. அதோடு வந்திருந்தால் கதையே இல்லை. கதவைத் திறந்துவிட்ட நர்ஸ், வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னது: "உங்க மூஞ்சியெல்லாம் காரணமில்ல டாக்டர். அக்கா வெளிய போனதும்தான் அண்ணனுக்கு இறங்கிச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். நர்ஸ் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீடு வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மெஷின் என் நாத்தனார் வீட்டில் இருந்தது. வாங்கப் போனால் சும்மா கொடுப்பாளா? விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டு, "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணனுக்குப் பிரஷர்னா என்னன்னே தெரியாது" என்றாள்.

"இருபத்தாறு வயசுல யாருக்குமே தெரியாது" என்று சூடாகக் கொடுத்துவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரும், குரல் பெரிசு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, இத்தனை வருஷமாக நான்தான் இந்த மனுஷனுக்கு வியாதியா? பக்கத்தில் இருந்த பெண் தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையில் அவரை உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினேன். நான் எதிரிலேயே உட்கார்ந்தேன், வேண்டுமென்றேதான். நூற்று இருபத்து நாலு. சாயங்காலம் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன். நூற்று இருபத்திரண்டு. அடுத்த நாள், ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, மூச்சு வாங்க மெஷினை அமுக்கினேன். நூற்றுப் பதினெட்டு.

"திட்டு வாங்கினா இறங்குதே" என்றார் அவர். "டாக்டர்கிட்ட சொல்லி இதையே எழுதித் தரச் சொல்லலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சுவார்த்தை அத்தோடு சரியாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க எடுத்த எண்களை மெஷினே ஞாபகம் வைத்திருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, ஜெயித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸைப் பார்த்து, "இன்னைக்கு நான் வெளிய போறதா இல்ல" என்றேன்.

அதே அறை. அவர் நாற்காலியில், நான் ஸ்டூலில். பட்டையைச் சுற்றினார்கள். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். நான் பேசியதால்தான் ஏறியது என்று இந்தத் தடவை ஒருத்தரும் சொல்லக் கூடாது.

நூற்று அறுபத்து நாலு.

எனக்கு முகம் செத்துவிட்டது. வீட்டில் ஒரு நாள்கூட இப்படிக் காட்டவில்லையே. டாக்டரம்மா மெஷினில் இருந்த எண்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "வீட்டுல இவ்வளவு நல்லா இருக்கே, இங்க மட்டும் ஏன்?" என்று யோசித்தார். "இன்னொரு தடவை பாரும்மா" என்று நர்ஸிடம் சொன்னார்.

"அண்ணே, மறுபடியும் காலை நகர்த்துறீங்க பாருங்க" என்றது நர்ஸ்.

நான் குனிந்து பார்த்தேன். அவருடைய வலது ஷூவின் முனை, என் ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் இருந்தது. ஸ்டூல் ஆடவில்லை. நான் உட்கார்ந்ததிலிருந்து அது ஒரு தடவைகூட ஆடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். மார்பில் கட்டி, டெஸ்ட் எடுத்திருந்தோம். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் உட்காருங்க" என்றார். அவர் அடுத்துச் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஸ்டூல் லொடலொடவென்று ஆடியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது நின்றதும் ஞாபகம் இருக்கிறது. எப்படி நின்றது என்று நான் யோசித்ததே இல்லை. ஆபரேஷன், ஊசி, முடி கொட்டியது, முளைத்தது, எல்லாம் முடிந்தது. நான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எனக்கு அப்படித்தான் முடியும்.

"காலை எடுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆடும்" என்றார்.

"ஆடினா ஆடட்டும்."

"அன்னைக்கும் ஆடிச்சு. நீ அதுல உட்கார்ந்ததும் எனக்கு அந்த நாள்தான். டாக்டர் வாயைத் திறந்தாலே, உன்னைப் பத்தித்தான் ஏதோ சொல்லப் போறாங்கன்னு இருக்கும்."

டாக்டர் முன்னால் அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. நர்ஸ் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. இவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா இவ செக்கப்புக்கு வரலை டாக்டர். கேட்டா கத்துவா. நான் கேக்கறதை விட்டுட்டேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், அதனால்தான் வரவில்லை என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. "எழுதுங்க டாக்டர்" என்றேன். "இவருக்கு மாத்திரையைக் குறைங்க, எனக்கு டெஸ்ட்டை எழுதுங்க."

வீட்டு எண்களை வைத்து டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கொஞ்ச நாளில் கிறுகிறுப்பு நின்று, அவர் மறுபடி லிப்ட் மேல் ஏறினார். என் டெஸ்ட்டும் நல்லபடியாகவே வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கும் எதற்குப் பிரஷர்?

ஆனால் டெஸ்ட் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரி மாடியில் ஸ்கேன் அறைக்கு வெளியே, வரிசையாகத் தரையோடு முடுக்கிய இரும்பு நாற்காலிகள். எதுவும் ஆடாது. இருந்தும் அவர் காலை என் நாற்காலியோடு ஒட்டித்தான் வைத்திருந்தார். நான் தட்டிவிடவில்லை. என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். அந்த வெகுளி நர்ஸ் ஏதோ காகிதத்தோடு எங்களைத் தாண்டிப் போனது, இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அக்கா, அண்ணன் முகமே சரியில்ல. கீழ கூட்டிட்டுப் போய் பிரஷர் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "இன்னைக்கு எவ்வளவு ஏறினாலும் என் கணக்குல எழுதிக்கோ."

கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.