நொட்டையக்காவின் மஞ்சள் ஸ்டிக்கர்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் நொட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. கம்பெனி செய்யும் கருவிகளைக் கடைக்கு அனுப்புமுன் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, நொட்டை சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். குறை கண்ட இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவாள். அந்தச் சோதனை அறையில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. எந்தக் கருவியில் ஸ்டிக்கர் அதிகமோ, அதைச் செய்தவருக்குத்தான் கைதட்டல். உருப்படாத சாமானை யார் மெனக்கெட்டுச் சோதிக்கப் போகிறார்கள்?

கம்பெனி ஒரு பெண்கள் பள்ளிக்கு அறிவியல் கூடம் அமைத்துக் கொடுத்தது. சென்சார், மோட்டார், கணினி எல்லாம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டது. முந்திக்கொண்டு கை தூக்கியவள் இவள்தான்.

"வீட்ல குறை கண்டுபிடிச்சு முடிச்சாச்சா?" என்றார் கணவர்.

அவள் பள்ளிக்குப் போனபோது பிள்ளைகள் ஆளுக்கொரு கருவி செய்து வைத்திருந்தார்கள். வாயாடி என்று வகுப்பே பட்டம் கட்டியிருந்த ஒரு பெண், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அலறும் கருவி செய்திருந்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அது ஒரு படி மேல். பார்த்ததுமே நொட்டையக்காவுக்குக் கை துறுதுறுத்தது. ஒயர் நனையும் என்று ஒன்று ஒட்டினாள். மூடி ஆடுகிறது என்று ஒன்று. மாடியில் அலறினால் கீழே கேட்காது என்று இன்னொன்று. ஒட்டி முடித்தபோது கருவியே கண்ணுக்குத் தெரியவில்லை. அசத்திவிட்டாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினாள். மனசுக்குள் மெச்சினால் யார் காதில் விழும்? அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அறிவியல் வாத்தியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அந்த வாயாடி ஒரு வாரமா வாயே திறக்கலை மேடம். செஞ்சதைப் பிரிச்சுப் போட்டுட்டா. இதெல்லாம் எனக்கு வராது, பாட்டு வகுப்புக்குப் போறேன்னு சொல்றா."

ஊரெல்லாம் தன் சோதனை அறை என்று நினைத்துவிட்ட தன் புத்தியை நொட்டையக்கா தானே திட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணை விட்டுவிட மனசே வரவில்லை. ஆனால் இப்போது போய், உன்னுடையதுதான் நன்றாக இருந்தது என்றால் நம்புவாளா? சமாதானத்துக்குச் சொல்வதாகத்தான் நினைப்பாள்.

பையில், பள்ளிகளுக்கென்று கம்பெனி புதிதாகச் செய்த குட்டி ரோபோ வண்டி இருந்தது. தரையில் கறுப்புக் கோடு போட்டால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடும். வகுப்பில் கோடு போட்டு வண்டியை ஓடவிட்டு, மஞ்சள் ஸ்டிக்கர் கட்டைப் பிள்ளைகளிடம் நீட்டினாள்.

"இதுல நொட்டை சொல்லுங்க பாக்கலாம்."

ஒருத்தியும் அசையவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனி செய்த சாமானில் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த நேரம் பார்த்து, தன் சென்சாரைத் திருப்பிக் கொடுக்க வாயாடி வந்து வாசலில் நின்றாள். வண்டியோ கோட்டை விட்டுவிட்டு வாத்தியாரின் கறுப்பு ஷூவைச் சுற்றத் தொடங்கியது. அவர் காலை நகர்த்தினார், அதுவும் கூடவே போனது. வகுப்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு தவித்தது. வாயாடியால் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்க முடியும்?

"சார் ஷூவைக் கோடுன்னு நினைச்சுக்குது மிஸ்! இதுகூடவா பாக்காம விட்டீங்க?"

"விட்டுட்டோம்மா. எங்க சோதனை அறைக்குள்ள யாரும் செருப்பே போட மாட்டோம். எழுதி ஒட்டு!" என்று நொட்டையக்கா துள்ளித் துள்ளிக் கைதட்டினாள்.

அவள் எதற்குக் கைதட்டுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. அலுவலக வழக்கத்தை அப்போதுதான் விளக்கினாள்.

வாயாடியின் கண் விரிந்தது. "அப்ப என்னோடதுல அத்தனை ஒட்டினீங்களே?"

"ஆமா. உன்னோடதுதான் இருந்ததுலயே ஒசத்தி."

"இதை அன்னிக்கே வாயைத் திறந்து சொன்னா என்ன மிஸ்?"

வாயாடி ஒரு ஸ்டிக்கரில் எழுதி, நொட்டையக்காவின் தோளில் அழுத்தி ஒட்டினாள். சென்சாரைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் பலரும் திரும்பிப் பார்த்தார்கள், நொட்டையக்கா அந்த ஸ்டிக்கரை எடுக்கவில்லை. கதவைத் திறந்த கணவர் சத்தமாக வாசித்தார்: "நல்லதைச் சொல்ல மறக்கிறார்." வாசித்துவிட்டு, இத்தனை வருஷம் காத்திருந்தவர்போல மலர்ந்தார்.

"ஒண்ணுதானா ஒட்டினாங்க?"

"மிச்சத்தை ஒட்ட அடுத்த வாரம் வர்றாளாம்," என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக.