பத்திரமாக வைத்த உயில்

அண்ணன் பையிலிருந்து எடுத்து வக்கீலம்மாவின் மேசையில் வைத்ததும் உயில் டப்பென்று சத்தம் போட்டது. காகிதம் அப்படிச் சத்தம் போடாது. தையல்காரத் தங்கை கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

வீடு மகளுக்கே என்று அம்மா மூன்று பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இந்த அண்ணனிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். தெருவே இவரைப் ‘பத்திரம்’ என்றுதான் கூப்பிடும். பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் தரத்துக்காகப் பேருந்திலிருந்து இறங்கி வருகிறவர். புதுக்குடை நனைந்துவிடுமென்று கொட்டும் மழையில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர். உயிலைச் சும்மா விடுவாரா? தாள்களைச் சேர்த்துக் குத்தியிருந்த பின்னைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூன்று பக்கத்தையும் தனித்தனியாக லேமினேட் செய்துவிட்டார்.

வக்கீலம்மா ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பின் எங்க சார்?”

“துருப்பிடிக்கும்னு எடுத்துட்டேன்.”

“இதை உங்க பெரியண்ணன்கிட்ட பெருமையா காட்டினீங்களாமே. நாலு பக்கம் இருந்துச்சு, ஒண்ணை உருவிட்டாங்கன்னு மனு போட்டுட்டார். பின் குத்தின ஓட்டை இருக்கு, பின்னைக் காணோம். கையெழுத்தைப் பரிசோதிக்கலாம்னா மேல பிளாஸ்டிக். உரிச்சா மையும் கூடவே வரும்.”

தங்கையின் முகத்தில் ஏறிய சூட்டில் பத்துச் சட்டை தேய்த்திருக்கலாம்.

“பதினாறு வருஷம் அம்மாவைத் தூக்கி உட்கார வச்சவ நான். முன்ரூம்ல மெஷின் ஓடினாத்தான் எனக்குச் சோறு. நாளைக்கு அவர் வந்து காலி பண்ணுன்னு சொன்னா, உன் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கிட்டு ரோட்டுல உட்காரவாண்ணே?”

“பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்மா...”

“அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொன்னே, வாயைத் தச்சிருவேன். ஊசி பையிலதான் இருக்கு.”

வக்கீலம்மா ஒரு வழி சொன்னார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். கூடவே அண்ணனும் ஒரு பிரமாணப் பத்திரம் தரவேண்டும். இருந்தது மூன்றே பக்கம், பின்னை எடுத்ததும் பிளாஸ்டிக் போட்டதும் நானே, அறியாமையால் செய்தேன் என்று.

அண்ணன் எழுதிக்கொண்டே வந்தார். ‘அறியாமையால்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“‘பாதுகாப்பு கருதி’ன்னு போட்டுக்கறேனே.”

“யார்கிட்டேருந்து பாதுகாப்புன்னு ஜட்ஜ் கேட்பார் சார்.”

“முப்பத்தாறு வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பார்த்தவன்மா. அறியாமைன்னு என் கையாலயே எப்படி...”

தங்கை நாற்காலியை அவர் முட்டியில் இடிக்கிற அளவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ முட்டாள்னு கோர்ட்டுக்குப் புரிஞ்சா என் வீடு தப்பிக்கும். புத்திசாலின்னு நினைச்சுட்டாங்கன்னா நீ திருடன், நான் கூட்டாளி. எழுதுண்ணே.”

எழுதினார். எறும்பே கண்ணாடி போட்டுத்தான் படிக்கவேண்டும், அந்த அளவில்.

“பெருசா எழுது.”

வேறு தாள் வாங்கி, மறுபடி முதலிலிருந்து எழுதினார். இந்தத் தடவை வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே படித்தார்.

கையெழுத்துப் போட்டு முடித்த அண்ணன், தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைக்கப் போனார். தங்கை அதை வெடுக்கென்று பிடுங்கி மேசையின் அந்தப் பக்கம் தள்ளினாள்.

“இதை நீங்களே வச்சுக்குங்க வக்கீலம்மா. வழக்கு முடியற வரைக்கும் இவர் கண்ணுல காட்டாதீங்க.”