பதினேழாவது கிலோமீட்டர்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. அக்கா உட்காரவைத்தாள்.

சோல்ஃப்ரிட் அக்காவுக்கு வரும் மார்ச்சில் எழுபது வயது. நெடுந்தூரப் பனிச்சறுக்கில் ஒன்பது முறை நாட்டின் சாம்பியன். எங்கள் பள்ளத்தாக்கின் சறுக்குக் கழகம் அவளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறது.

"வெளியாள் எழுதினா என்னைத் தேவதை ஆக்கிடுவான். நீ எழுது ஸ்டைனார், உனக்குத்தான் என் லட்சணம் தெரியும்" என்றாள்.

நான் முப்பது வருடம் உள்ளூர்ப் பத்திரிகையில் பால் விலையும் மரண அறிவித்தலும் எழுதியவன். எட்டு அத்தியாயங்கள் மளமளவென்று வந்துவிட்டன. ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டேன். அது அவள் கடைசியாக ஓடித் தோற்ற போட்டி. நாட்டில் எல்லா மலையிலும் ஜெயித்தவள் சொந்த ஊர் மலையில் மட்டும் ஜெயித்ததில்லை. அன்று ரன்வெய்க் என்பவளிடம் அரை விநாடிக்கும் குறைவில் விட்டாள்.

2

தொடக்கம் ஒன்று: "அன்று காலை பனி வைரம்போல்…" (வேண்டாம். பனி பனிபோலத்தான் இருந்தது.)

தொடக்கம் இரண்டு: "தோல்வி என்பது…" (இப்படித் தொடங்குகிறவனை உதைக்க வேண்டும்.)

தொடக்கம் மூன்று: "பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி. அக்காவின் கணவர் எகில் அவளுடைய சறுக்குப் பலகைகளுக்கு நீல மெழுகு பூசினார்." இது பரவாயில்லை. ஆளும் வந்துவிட்டார், குற்றமும் வந்துவிட்டது.

பிற்பாடு வெயில் ஏறியது. ஈரப்பனிக்குச் சிவப்பு மெழுகு வேண்டும்; குளிருக்கான நீலம் பிடிக்காமல் வழுக்கியது, அதனால்தான் அவள் தோற்றாள் என்பது ஊரின் தீர்ப்பு. முப்பத்தேழு வருடமாக அத்தான் கடைக்குள் காலை வைத்தால் யாராவது ஒருவர் கேட்பார்.

"எகில், இன்னைக்கு நீலமா, சிவப்பா?"

"கறுப்பு. காப்பித்தூள் அரைக் கிலோ குடு" என்பார் அவர்.

(நாட்டின் அணிக்கு மெழுகு பூச அவரைக் கூப்பிடப் போவதாக அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேச்சு. போட்டிக்குப் பிறகு தொலைபேசி மணி அடிக்கவேயில்லை. இந்த விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். எட்டு அத்தியாயத்திலும் அவரை இப்படித்தான் வைத்திருக்கிறேன்.)

3

அரை நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படும் இருபது கிலோமீட்டர் போட்டி அது. முன்னால் இருக்கிறோமா, பின்னால் இருக்கிறோமா என்று ஓடுகிறவளுக்குத் தெரியாது. காட்டுக்குள் மரத்துக்கு மரம் நம் ஆட்கள் நின்று நேரத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். அதனால் இந்த அத்தியாயத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்படுகிறான்.

பதினேழாவது கிலோமீட்டரில், ஏற்றம் தொடங்கும் இடத்தில், பிர்ச் மரத்தடியில் ஒருவன் நின்றான். காதில் வாக்கி டாக்கி. பதினான்காவதில் நின்றவர், அக்கா கடந்துபோன பிறகு கணக்குப் பார்த்து, அவனுக்குச் சொன்னார்: "ரன்வெய்க்கைவிட ரெண்டு விநாடி பின்னாடி. ரெண்டு. கேட்டுச்சா?"

அக்கா வளைவில் திரும்பி வந்தாள். உதட்டோரம் எச்சில் உறைந்திருந்தது. ஒரே மூச்சில் கேட்டாள்: "எவ்வளவு?"

"ஆறு விநாடி முன்னாடி. நிதானமாப் போ."

இந்தப் பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. எதற்காகப் பொய் சொன்னான்? முந்தைய வருடம் பின்தங்கியிருப்பதைக் கேட்டதும் அவள் பதறி, ஏற்றத்தில் கால் விறைத்து நின்றுவிட்டாள் என்று ஒரு காரணம் எழுதினேன். நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். சரி. அப்படியானால் அன்று மாலையே ஒப்புக்கொண்டிருக்க வேண்டாமா? ஏன் வாயைத் திறக்கவில்லை? அவன் ஒரு…

4

அந்த ஆள் நான்தான். கோழை என்று மேலே எழுத வந்து நிறுத்திவிட்டேன்.

5

அன்று மாலை அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அக்கா காலணியைக் கழற்றி எறிந்தாள்.

"ஆறு விநாடி முன்னாடின்னு இவன் சொன்னான். கடைசி ஏற்றத்துல பலகை பிடிக்கவே இல்ல. வேற என்ன, மெழுகுதான்" என்றாள்.

அத்தான் அடுப்பருகே நின்றிருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். நான் குனிந்து அவள் எறிந்த காலணியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ஆமா. தப்பான மெழுகு" என்றார் அவர்.*

* பதினான்காவது கிலோமீட்டரில் வாக்கி டாக்கியுடன் நின்றவர் அவர்தான்.

6

போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். அக்கா பயிற்சிக்குப் போயிருந்தாள். இந்த வயதிலும் தினம் பத்துக் கிலோமீட்டர். அத்தான் வாஃபிளில் பழுப்புச் சீஸை வைத்துக் கொடுத்தார்.

"அத்தான், புத்தகத்துல உண்மைய எழுதப்போறேன்."

"என்ன உண்மை?"

"ரெண்டு விநாடி பின்னாடி."

அவர் காப்பியை ஊதிக் குடித்தார். "இத்தனை வருஷம் தூங்கிட்டு இப்பதான் முழிப்பு வந்துச்சா, மாப்ள?"

"உங்க வாழ்க்கையே போச்சு."

"போச்சுதான். அந்த வேலை மேல எனக்கு உசுரு. ராத்திரி நெனச்சு அழுதிருக்கேன், போதுமா? இப்ப எழுதினா அது திரும்பி வருமா?"

"ஊரு கேலி பண்றதாவது நிக்கும்."

"ஊரு கெடக்குது. மெழுகுன்னா பழி வெயில் மேல, இல்ல என் மேல. எங்களை அவ எப்பவோ மன்னிச்சிட்டா. உன் வாய்னா பழி யாரு மேல? அவளுக்கு இருக்கிறது ஒரே தம்பி." சீஸ் கத்தியைத் துடைத்து வைத்தார். "அதோட, ஜெயிச்சிருக்கலாமேன்னு தெரிஞ்சா அந்த மூணு கிலோமீட்டரை அவ மறுபடி ஓடுவா. தினம் ஓடுவா. எழுபது வயசுல அது தேவையா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அது எனக்கு வசதியாகவும் இருந்தது. வசதியான நியாயத்தை நான் நம்புவதில்லை.

7

ஒன்பதாவது அத்தியாயத்துக்கு இப்போது இரண்டு முடிவுகள் மேசைமேல் இருக்கின்றன.

இடப்பக்கத் தாள்: நீல மெழுகு. வேடிக்கையாக வந்திருக்கிறது. பிறந்தநாள் விருந்தில் வாசித்தால் கூடம் குலுங்கும். அத்தானும் சிரிப்பார்.

வலப்பக்கத் தாள்: பிர்ச் மரம். இதில் ஒரு நகைச்சுவையும் இல்லை. அத்தானின் பெயர் அடைப்புக்குறியை விட்டு வெளியே வந்திருக்கிறது. என் பெயரும் வந்திருக்கிறது.

(அத்தானுக்காக உண்மையைச் சொல்கிறேனா, என் நெஞ்சு பாரம் இறங்கவா? இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுப் பார்த்தேன், நேராக…)

இன்று சனிக்கிழமை. வாசித்துப் பார்க்க வருவதாக அக்கா சொல்லியிருந்தாள். ஜன்னல் வழியே பார்க்கிறேன். வயலைக் குறுக்கே வெட்டி, சறுக்கியபடி வந்துகொண்டிருக்கிறாள். தோள் இன்னும் அதே தோள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

வாசலில் பலகைகளைச் சுவரோடு சாய்க்கும் சத்தம். காலணியை உதறுகிறாள்.

"டேய் ஸ்டைனார், மெழுகு அத்தியாயம் முடிஞ்சுதா?"

வாசகரே, கொஞ்சம் இங்கே வந்து என் இடத்தில் நில்லுங்கள். இடக்கையில் ஒரு தாள், வலக்கையில் ஒரு தாள். யோசித்துச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். கதவைத் திறந்து உள்ளே வர அவளுக்கு மூன்று விநாடி ஆகும். அன்று மரத்தடியில் எனக்கும் அவ்வளவுதான் இருந்தது.

வந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது. உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்.