கிடையாதம்மா கொடுத்த வாய்தா

வக்கீல் சங்கத் தலைவர் பேச்சை முடிப்பதாக இல்லை. கூடத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த அம்மா மட்டும்தான். மகன் வாசல் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஆள் உட்காராத நாற்காலிகளையும் நேராக்கினான்.

வேறு தேதி கேட்டு “வாய்தா” என்று வக்கீல்கள் வாயெடுப்பதற்குள் “கிடையாது” என்றுவிடுவாராம் அம்மா. அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களெல்லாம் சேர்ந்து வைத்த பெயர்தான் கிடையாதம்மா. அந்தக் கோர்ட்டில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார், அது ஒரு தவம் என்று தலைவர் தழுதழுத்தார்.

தவமெல்லாம் இல்லை. பெண்களுக்கும் கழிப்பறை வேண்டும் என்று அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை. அம்மா எழுதிப் போட்டார். கோப்பு மேசை மேசையாக நிதானமாக நடந்தது. அது போய்ச் சேரும்வரை, வருஷக்கணக்காக, பகலில் அவர் தண்ணீரே குடிக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். மகனுடையது பொருந்துமா என்று சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

“அடுத்த மாசம் போறேம்மா,” என்றான் மகன். வேலை மாற்றல். அதற்கடுத்த மாதம் பிள்ளைக்குப் பரீட்சை. எழுதப்போவது என்னவோ பிள்ளைதான். அப்புறம் காரணம்கூடக் கிடைக்கவில்லை, வெறுமனே இன்னொரு மாதம் கேட்டான். பயமாயிருக்கிறது என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அம்மாவும் ஒவ்வொரு முறையும், “சரிடா, ஒண்ணும் அவசரமில்ல,” என்றார்.

பேச்சை முடித்துக்கொண்டு தலைவர் நேராக அவனிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்ல யாரோடதும் பொருந்தலையா தம்பி?” என்றார்.

அவன் வாயைத் திறந்தான். சித்தி முந்திக்கொண்டாள்.

“இவன்தான் முதல் ஆளா போய் டெஸ்ட் எடுத்தான். பொருந்தலையே, என்ன பண்றது. அக்காவே எங்க எல்லார்கிட்டயும் சொன்னா. அவனப் போட்டு யாரும் கேள்வி கேக்காதீங்கன்னு வேற சொல்லிவெச்சா.”

“அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் தலைவர். “பொய் சாட்சிய அவங்க விட்டதே இல்ல.”

சித்தி அவனுடைய சட்டைக் காலரை மடித்துவிட்டாள்.

வண்டி வந்துவிட்டது. தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தார்கள். தலைமாட்டில் மகனுக்கென்று இடம் விட்டு வைத்திருந்தார்கள். அவன் சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனான். அங்கே பிடித்திருந்தவரிடம், “கொஞ்சம் நகந்துக்கறீங்களா,” என்று கேட்டான்.